கால் படாத இடம்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை மதியம், மழை விட்ட பிறகு, அம்மாவின் கார் குலுங்க ஆரம்பித்தது. வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வாயில் சோம்பு மணக்க ஏறி உட்கார்ந்திருந்தோம். சாப்பிடப் போகும்போது ஒழுங்காக இருந்த கார்தான். சிவப்பு விளக்கில் நின்றபோது, ஈரத்துணியெல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கிவிட்ட வாஷிங் மெஷின் மாதிரி ஆடியது. டேஷ்போர்டில் இருந்த சின்ன முருகன் ஆடினார். அவர் கழுத்து மல்லிகைச் சரமும் ஆடியது. பச்சை விழுந்ததும் அம்மா ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது.

பின்னால் ஹார்ன் சத்தம். பூக்கடைக்காரர் ஒருவரும், பார்சல் எடுக்க வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவரும் ஓடி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். நான் இறங்கி அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியபோது, அம்மாவின் இரண்டு கைகளும் இன்னும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.

"அப்பாகிட்ட சொல்லாத" என்றார்.

அம்மா லைசென்ஸ் எடுத்ததே ஐம்பதை நெருங்கும் வயதில்தான். அதுவரை எங்கே போவதென்றாலும் அப்பாவின் ஷிப்டைக் கேட்டுத்தான். அப்பா போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். காலை ஷிப்ட் என்றால் கோயிலுக்குச் சாயங்காலம்தான் போக முடியும். இரவு ஷிப்ட் என்றால் அவர் தூங்கி எழும் வரை வீட்டில் யாருக்கும் பயணம் கிடையாது. பெரியம்மா இருப்பது கேரி தீவில், எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். கிள்ளானில் இருக்கும் எங்கள் அடுக்குமாடியிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் அக்காவும் தங்கையும் முகம் பார்த்துக்கொண்டது கல்யாணங்களிலும் சாவு வீடுகளிலும்தான்.

டிரைவிங் டெஸ்டில் மேடேற்றும் இடத்தில் கார் பின்னால் உருண்டு, கோட்டை விட்டு, மறுபடி பணம் கட்டி, மறுபடி போய், ஒருவழியாக லைசென்ஸ் வாங்கினார். பிறகு யாரோ ஓட்டிப் பழசாக்கிய சின்ன வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினோம். அதற்கப்புறம் அம்மா வேறு ஆள். வெள்ளிக்கிழமை பூ வாங்கப் போவார். என்னைக் கிள்ளான் ரயில் ஸ்டேஷனில் விடுவார், சாயங்காலம் ஏற்றி வருவார். காரணமே இல்லாமல் "சும்மா ஒரு ரவுண்டு" என்று சாவியை எடுப்பார். இப்போது பெரியம்மா பேத்திக்குக் காது குத்து வருகிறது. நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனில் அக்காவிடம் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அவர் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு இருந்தது பயம். கொள்கலன் லோரிக்கு முன்னால் ஒரு சின்ன கார் திடீரென்று நின்றால் லோரிக்குப் பிரேக் எவ்வளவு தூரத்தில் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பழைய கார் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவர். அவருக்குத் தெரிந்தால் காரை விற்றுவிடுவார் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

நான் சொல்லவில்லை. நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

என் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. பிரிக்ஃபீல்ட்ஸில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அலுவலகம். யாரோ எழுதிய நிரல் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று நாள் முழுக்கத் துருவுகிறவளுக்கு ஒரு காரும் இன்னொரு மெஷின்தானே. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஸ்டியரிங்கின் கீழே செருகினால் காரின் மனக்குறையெல்லாம் போனில் வந்துவிடும். வந்தது: இரண்டாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது.

நாலு பேர் சாமி தூக்கிப் போகும்போது அதில் ஒருவர் மட்டும் அவ்வப்போது தோளை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தக் குலுக்கல். பெட்ரோலுக்குப் பொறி வைப்பது பிளக். பிளக்குக்கு மின்சாரம் தள்ளுவது அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் காயில் என்கிற கம்பிச்சுருள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்தேன். இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டேன். காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதனோடு சேர்ந்து மூன்றாவதுக்குப் போக வேண்டும். அது ஒரு நல்ல சோதனை, வீடியோக்களில் எல்லோரும் செய்வது. கழற்றிய ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தேன். கையோடு புதுப் பிளக்கும் போட்டேன். ஸ்டார்ட் செய்தால், கார் பூனைபோல இருந்தது. குலுக்கல் மூன்றாவதுக்கும் போகவில்லை, இரண்டாவதிலும் இல்லை. மாயமாகிவிட்டது.

அன்று மதியம் அம்மா எனக்கு மட்டும் இறாலைக் கூடுதலாகப் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, ராத்திரி முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகு, ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கார் மறுபடி ஆடியது. அதே இரண்டாவது சிலிண்டர். ரவுண்டானாவுக்கு முன்னால் நின்றும் போனது. இரவு ஷிப்ட் முடித்து மோட்டாரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அப்பா அதே ரவுண்டானாவில்தான் திரும்ப வேண்டும். திரும்பினார், பார்த்தார்.

அப்பா சத்தம் போடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே காரைத் தள்ளி ஓரம் கட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, நான் வாங்கிய அந்தப் பாழாய்ப்போன புதுப் பிளக்கே சாட்சியாக, அது தானாகவே ஸ்டார்ட் ஆனது. வீட்டில் சொன்னார்: "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வித்துருவோம். எங்க போகணுமோ நான் கூட்டிட்டுப் போறேன்." கூட வேலை செய்கிறவர் ஒருவரின் மகன் இந்த மாதிரிக் கார் தேடுகிறானாம். அம்மா காப்பி கலக்கினார். காது குத்து அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை.

நானோ அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டேன். பிளக் இல்லை, காயில் இல்லை என்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். இணையத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். இன்னொருவர் எஞ்சினையே பிரிக்கச் சொன்னார். என் பக்கத்து மேசைச் சீனத் தோழி வேறு கார் வாங்கு லா என்றாள். மலாய்த் தோழர் தன் மாமாவுக்கும் இப்படித்தான் என்று ஆரம்பித்து, கடைசியில் அது மாமாவின் படகு என்று முடித்தார். நான் இன்ஜெக்டரை ஆன்லைன் கூடையில் போட்டேன். வாங்கும் பொத்தான் மேல் விரல் இருந்தது. கொமியூட்டர் ரயில் ஷா ஆலம் தாண்டிக்கொண்டிருந்தது.

அழுத்தவில்லை. அதற்கு இரண்டு காரணம்.

என் வேலையில் நாங்கள் நிஜமாகவே பயப்படுவது தானாகச் சரியான பிழைக்குத்தான். எதைச் செய்ததால் சரியானது என்று தெரியாவிட்டால் அது சரியாகவில்லை, எங்கேயோ உட்கார்ந்து காத்திருக்கிறது என்று அர்த்தம். அலுவலகத்தில் இதை மற்றவர்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கார் சரியானதற்கு எனக்குக் காரணம் தெரியாது. இறால் சாப்பிட்டதில் மறந்திருந்தேன்.

இரண்டாவது இன்னும் எளிது. அலுவலகத்தில் என் கணிப்பு தப்பினால் யாரோ ஒருவருக்கு ஒரு பக்கம் திறக்காது, திட்டுவார். இங்கே என் கணிப்பு தப்பினால், லோரிகள் வரிசையாக வரும் சாலையில் கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருப்பது அம்மா. பரிசோதனை செய்கிறவள் நான், பரிசோதனைக்குள் இருப்பது அவர். அப்படி ஆகிவிட்டால் இன்னொருவரைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கூடையைக் காலி செய்தேன்.

எங்கள் ஊரில் மெக்கானிக்கை யாரும் மெக்கானிக் என்பதில்லை, போர்மேன்தான். கிள்ளானில் கடைவரிசைக்குப் பின்சந்தில் பட்டறை வைத்திருந்த போர்மேனை அம்மாவின் பூக்கடைக்காரர் சொல்லியிருந்தார். போர்மேன் அண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கனத்த சங்கிலி, ஓயாத ரேடியோ. சீன வாடிக்கையாளரிடம் ஹொக்கியன், மலாய்க்காரரிடம் மலாய், பூனையிடம் தமிழ். தான் கெட்டிக்காரர் என்பதை மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கிற ரகம் இல்லை. போன வாரம் யாராலும் முடியாத ஒரு காரை எப்படிச் சரிசெய்தார் என்ற கதை முடிந்த பிறகுதான் எங்கள் முறை வந்தது.

நான் போனை நீட்டி, இரண்டாவது சிலிண்டர் என்று ஆரம்பித்தேன்.

"கோட் இருக்கட்டும் தங்கச்சி. அது எங்கயும் போகாது. கார் எப்பெப்ப கோவிச்சுக்குதுன்னு சொல்லு."

அதற்கு என்னிடம் நிறைய இருந்தது. மழை பெய்தால் ஆடுகிறது என்றேன். ஆனால் மழையில் ஓட்டும்போது இல்லை. ஃபெடரல் ஹைவேயில் கண் தெரியாத மழையில் வந்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது பெய்தால்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் அப்படி, அந்த வெள்ளிக்கிழமையும் அப்படி. கொஞ்சம் ஓடிச் சூடானால் அடங்கிவிடும்.

அண்ணன் கையை நீட்டி ரேடியோவைக் குறைத்தார். காயிலைக் கழற்றியபோது ஏதாவது பார்த்தாயா என்றார். ஞாயிற்றுக்கிழமை எடுத்த போட்டோவைக் காட்டினேன். கிரீஸ் விரலால் திரையைப் பெரிதாக்கினார். காயிலின் ரப்பர் நுனியில் வெளிறிய ஒரு வளையம், பிளக் குழியின் சுவரில் மெல்லிய துருக்கோடு. எடுத்தபோது நானும் பார்த்தேன்தான். பழைய காரில் இதெல்லாம் இருக்கும் என்று தள்ளிவிட்டிருந்தேன்.

"தண்ணி நின்ன கோடு. இத ஏன் மொதல்லயே காட்டல?"

"மொதல்ல நீங்க போன வாரக் காரப் பத்தித்தானே பேசிட்டு இருந்தீங்கண்ணே."

"வாயி இருக்குக்கா இந்தப் புள்ளைக்கு" என்றார் அம்மாவிடம். பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அம்மா, அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

என் சோதனை ஏன் பொய்த்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பானெட்டைத் திறந்து, கழற்றி, வெயிலில் காயவைத்து, மறுபடி மாட்டினேன். பிளக்கைப் புதிதாக்கியதாலோ இடம் மாற்றியதாலோ இல்லை, காய்ந்ததால் சரியானது. இதைச் சொன்னதும் அண்ணன் தலையாட்டினார். அந்தக் கோட் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் நானும் காயிலைத்தான் மாற்றியிருப்பேன், அந்த மழைக்கதையும் போட்டோவும்தான் காப்பாற்றியது என்றார். அதைச் சொல்வதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. எனக்குத்தான் காது சூடானது, சந்தோஷத்தில்.

மழை எங்கிருந்து உள்ளே இறங்குகிறது என்பதுதான் பாக்கி. கார் கழுவும் டியூபைக் கொண்டுவந்து பானெட்டைத் திறந்து வைத்து, என்னைப் பக்கத்தில் நிறுத்தி, முன் கண்ணாடியில் தண்ணீரை விட்டார். கண்ணாடியின் அடியில், வைப்பர் முளைக்கும் இடத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று சல்லடைபோல இருக்குமே, அதற்குள் விழும் தண்ணீர் ஓரத்து ஓட்டை வழியாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வடிய வேண்டும். நாங்கள் இருவரும் குனிந்து தரையைப் பார்த்தோம். ஒரு சொட்டு வரவில்லை. நிமிர்ந்தால், சல்லடைக்கு அடியில் தண்ணீர் மெல்ல ஏறி, தளும்பி, எஞ்சினின் தலைமேல் ஒழுகியது. நேராக இரண்டாவது காயிலின் மேல்.

நான் கைதட்டியிருப்பேன். கையில் டார்ச் இருந்தது.

அண்ணன் வைப்பர்களைக் கழற்றி, மூடியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன்.

பூ. வாடிக் கறுத்து, மட்கி, மெத்தைபோலக் கிடந்தது. மல்லிகை, அரளி, கதம்பத்தின் மரிக்கொழுந்தும் துளசிக் கதிரும், பூச்சரத்தின் வாழைநார், மேலாக இன்னும் மஞ்சள் மாறாத போன வாரத்துச் சாமந்தி. வடியும் ஓட்டைமேல் அணைகட்டியது மாதிரி. அதன் நடுவில், சல்லடை வழியாக விழும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, வெளிறிய சின்னத் துளசிச் செடி ஒன்று.

 யாருடைய பூ என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. சல்லடையில் ஒரு பல் உடைந்து இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. வெள்ளிக்கிழமை பூக்கடை வாசலில் முருகனுக்குப் புதுச்சரம் போடும்போது பழையதை அம்மா அங்கேதான் செருகுவார். நான் ஒவ்வொரு வாரமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். இப்போது அதைச் சொன்னால், காரைக் கெடுத்ததே நான்தான் என்று அம்மாவே சாவியை அப்பாவிடம் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது. அண்ணன் மூடியை மெதுவாகத் திரும்ப வைக்கப் போனார்.

ஆனால் அம்மா எழுந்து வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நான் போட்டதுல்ல?" என்றார். மறுக்கவில்லை, அடையாளம் சொன்னார். "சாமி பூ தம்பி. ரோட்டுல போட முடியுமா, சாக்கட டிரேன்ல போட முடியுமா. கால் படாத எடமா இருக்கட்டும்னு…"

"கரெக்டுதாங்கா" என்றார் அண்ணன். "கால் படல. மழதான் பட்டுச்சு."

அம்மாவின் முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. அண்ணன் தொடர்ந்தார். ஆயுத பூஜைக்குத் தன்னுடைய ஸ்கேன் மெஷினுக்குச் சந்தனம் தாராளமாக வைத்து, அது பொத்தான்களுக்குள் இறங்கி, தீபாவளி வரைக்கும் எந்தக் காரைச் செருகினாலும் ஒரே கோளாறைக் காட்டியதாம். "அந்தக் கோட்டை நம்பி ரெண்டு காரப் பிரிச்சுட்டேங்கா. நீங்க பூதானே போட்டீங்க." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பூனை எழுந்து போனது.

பூவை அள்ளி எடுத்து, ஓட்டையில் கம்பி விட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றினார். சக்கரத்தின் பக்கத்தில் தண்ணீர் தரையில் கொட்டிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. குழியைக் காயவைத்து, ரப்பரை மாற்றி, உடைந்த பல்லுக்கு வலை ஒட்டினார். பூக்குவியலைக் குப்பைத்தொட்டியில் போடாமல் சுத்தமான ஒரு டின்னில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். துளசி அதிலேயே நின்றது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டார், காருக்கு என்னவாம் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொன்னார். பூ அடைத்துக்கொண்டதை, தண்ணீர் இறங்கியதை, எதையும் மறைக்காமல். அப்பா தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"காருக்குள்ள கொண்டுபோய்ப் பூவத் திணிச்சா பின்ன என்ன ஆகும்? யாரு உனக்கு அங்க போடச் சொன்னது?"

அம்மா ரசக் கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"நீங்கதான்."

கார் வாங்கிய முதல் வெள்ளிக்கிழமை. பூக்கடை வாசல். பக்கத்து இருக்கையில் அப்பா. பழைய பூவை எங்கே போடுவது என்று அம்மா கேட்டிருக்கிறார். வைப்பருக்கு அடியில் வை, நான் லோரியில் அங்கேதான் வைக்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா இதை வரிவரியாக, அப்பா அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் வரை சொன்னார்.

அப்பா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "லோரில அது காத்துல பறந்துடும்" என்றார் கடைசியில்.

"இது லோரி இல்லீங்களே."

நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் சிரித்துவிடுவேன். அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றிக்கொண்டு, குழைத்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோலக் கேட்டார்: "ஞாயித்துக்கெழம எனக்குக் காலை ஷிப்டு. நீயே ஓட்டிட்டுப் போயிருவதானே?"

"போயிருவேன்" என்றார் அம்மா. கார் வாங்க இருந்த அந்தப் பையனைப் பற்றி வீட்டில் அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேரி தீவுக்குப் போனோம். பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. அம்மா ரேடியோவோடு சேர்ந்து பாடினார். பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார், நாங்கள் வருவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே நின்றிருப்பார் போல. குழந்தை அழுது, காது குத்தி, மறுபடி அழுது, பாயசத்தில் அடங்கியது. நடுவில் அப்பா ஒரு தடவை எனக்குப் போன் செய்து, அம்மாவைப் பற்றிக் கேட்காமல், கார் எப்படி இருக்கிறது என்றார். மதியம் கொட்டியது மழை. கார் வெட்டவெளியில் நின்றது. நான் சோற்றைப் பிசைந்தபடி ஜன்னல் வழியாக அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் பக்கத்தில் தண்ணீர் ஒரு சின்ன ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது கருவியைச் செருகப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டுச் சாவியைத் திருகினார். முருகன் ஆடவில்லை.

துளசியைப் பெரியம்மா வீட்டு ஓரத்தில் நட்டுவிட்டு வந்தோம். எங்கே முளைத்தது என்று அம்மா சொன்னபோது பெரியம்மா நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு. காரில் பின் இருக்கையில் ஒரு துணிப்பை தொங்குகிறது. வாரா வாரம் பழைய சரம் அதற்குள் போகும். பை நிறைந்தால் கேரி தீவுக்குக் கொண்டுபோய் அந்தத் துளசியின் வேரில் கொட்டிவிட்டு வர வேண்டும், அங்கே கால் படாது.

"பை நெறஞ்சிருச்சுடி" என்று அம்மா அடிக்கடி சாவியை எடுக்கிறார். வாரத்துக்கு ஒரு முழம் பூவில் ஒரு பை எப்படி இத்தனை சீக்கிரம் நிறைகிறது என்பதை மட்டும் நான் ஆராயவில்லை.